உளவுக் கதைகளில் வரும் ‘காண்ட்ராக்ட்’ ஆள்: எது நிஜம், எது கற்பனை?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பயங்கரவாத எதிர்ப்புக்காக ஓர் அரசு தனியார் நிறுவனத்தின் ஆட்களை ரகசியமாக அயல்நாட்டுக்கு அனுப்புகிறது. அவர்களில் ஒருவன் அங்கே பிடிபட்டதும் ‘யாரென்றே தெரியாது’ என்று கைவிரித்துவிடுகிறது. இந்த அமைப்பில் ஒரு த்ரில்லர் எழுதிக்கொண்டிருக்கிறேன், இது எவ்வளவு நம்பத்தக்கது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பாதி அப்பட்டமான உண்மை. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. கைவிரிப்பது நிஜத்திலும் நடக்கிறது, ஆனால் நீங்கள் கதாநாயகனாக வைத்திருக்கும் முன்னாள் கமாண்டோவுக்கு அல்ல. ஏன் என்பதை அமெரிக்காவின் அனுபவத்தை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலைப் பற்றி நீதிமன்றங்களிலும் நாடாளுமன்ற விசாரணைகளிலும் அதிகமாக வெளிவந்திருப்பது அந்த நாட்டிலிருந்துதான்.

நம் ஊரில் காண்ட்ராக்டர் என்றதும் ரோடு போடுபவரும் பாலம் கட்டுபவரும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்த நினைவை உதறிவிட வேண்டாம். உளவுத் துறையின் காண்ட்ராக்டரும் டெண்டர், பில், துணை ஒப்பந்தம், பாக்கித் தொகை என்ற அதே காகித உலகத்தில் வாழ்பவர்தான். இரண்டு வகை உண்டு. ஒருவர் தனி ஆளாக சி.ஐ.ஏ.வுடன் நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்பவர். இன்னொருவர் ஒரு நிறுவனத்தின் ஊழியராக அங்கே அனுப்பப்படுபவர். லாங்லியில் உள்ள தலைமையகத்தில் நிரந்தர ஊழியருக்கு நீல நிற அடையாள அட்டை, ஒப்பந்தக்காரருக்குப் பச்சை. ‘பச்சை அட்டைக்காரர்’ என்பதே அங்கே ஒரு சாதிப்பெயர் போல வழங்குகிறது. நேற்றுவரை நீல அட்டையோடு உட்கார்ந்திருந்தவர் ராஜினாமா செய்துவிட்டு, கூடுதல் சம்பளத்தில், பச்சை அட்டையோடு அதே வேலைக்குத் திரும்பி வருவது 2001-க்குப் பின் அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. 2007-ல் இயக்குநராக இருந்த மைக்கேல் ஹேடன், விலகிய ஊழியர்களை நிறுவனங்கள் உடனே திருப்பி அனுப்பக் கூடாது என்று விதியே போட வேண்டியிருந்தது.

இது ஏன் நடந்தது? பனிப்போர் முடிந்ததும் 1990-களில் உளவு அமைப்புகளில் பெரிய அளவில் ஆட்குறைப்பு நடந்தது. அனுபவசாலிகள் வெளியேறினார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஒரே இரவில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். நிரந்தரப் பணியிடங்களுக்கு நாடாளுமன்றம் உச்சவரம்பு வைத்திருந்தது. ஒப்பந்தக்காரர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே கதவு அந்தப் பக்கம் திறந்தது. மிச்சம் பிடிப்பதற்காகச் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2008-ல் தேசிய உளவுத் துறை இயக்குநர் அலுவலகம் வெளியிட்ட கணக்கின்படி ஓர் அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு சராசரியாக 1,25,000 டாலர், ஒப்பந்தக்காரருக்கு 2,07,000 டாலர். 2010-ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் நடத்திய பெரிய ஆய்வு, உச்ச ரகசிய அனுமதி பெற்ற சுமார் 8,54,000 பேரில் 2,65,000 பேர் ஒப்பந்தக்காரர்கள் என்று கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடாமல், கணினி முன் அமர்ந்து அறிக்கை எழுதுபவர்கள். த்ரில்லர்களில் இவர்களுக்கு இடமே இல்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை. 2013-ல் அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்தி உலகையே உலுக்கிய எட்வர்ட் ஸ்னோடன் இந்த வகை ஆள்தான்.

சரி, துப்பாக்கி ஏந்தியவருக்கு வருவோம். உங்கள் கதைக்கு மிக நெருக்கமான நிஜ நிகழ்வு லாகூரில் நடந்தது.

2011 ஜனவரி 27. பகல் நேரம், மொசாங் பகுதியில் நெரிசலான ஒரு சந்திப்பு. வெள்ளை ஹோண்டா சிவிக் காரில் ரேமண்ட் டேவிஸ் என்ற அமெரிக்கர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் இரண்டு இளைஞர்கள் காரின் முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒருவர் கையில் துப்பாக்கி இருந்தது என்பது டேவிஸின் வாக்குமூலம். அவர் கார் கண்ணாடியின் ஊடாகவே கிளாக் கைத்துப்பாக்கியால் சுட்டார். இருவரும் இறந்தார்கள். பிறகு காரிலிருந்து இறங்கி உடல்களைப் புகைப்படம் எடுத்தார். உதவிக்கு அழைத்ததும் துணைத் தூதரகத்திலிருந்து ஒரு வண்டி ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் பாய்ந்து வந்து, சம்பந்தமே இல்லாத ஒரு மோட்டார் சைக்கிள்காரரை மோதிக் கொன்றுவிட்டு, டேவிஸ் இருந்த இடத்தை அடையாமலேயே திரும்பிப் போனது. சற்று தூரத்தில் போலீசார் அவரை மடக்கினார்கள்.

அன்று காவல் நிலையத்தில் எடுத்த காணொளித் துண்டு ஒன்று வெளிவந்தது. எந்த நாவலின் விசாரணைக் காட்சியையும்விட அது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் விறைப்பே இல்லை. கட்டம் போட்ட சட்டை அணிந்த ஓர் ஆள் கழுத்தில் தொங்கும் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது இஸ்லாமாபாத், இது லாகூர் என்கிறார். பாஸ்போர்ட்டைக் காணோம், காரில் தேடுங்கள் என்கிறார். துணைத் தூதரகத்தில் என்ன வேலை என்று கேட்டால், சும்மா ஓர் ஆலோசகர் என்று பதில். நம் தாலுகா ஆபீசில் எந்த ஜன்னலுக்குப் போவது என்று தெரியாமல் நிற்பவரின் குரல்தான் அது.

அதற்குப் பின் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. அமெரிக்கா அவரைக் கைவிடவில்லை. மாறாக, அவரை விட்டால் ஆளே இல்லை என்பதுபோல் பற்றிக்கொண்டது. பிப்ரவரி 15-ஆம் தேதி செய்தியாளர் சந்திப்பில் அதிபர் ஒபாமாவே அவரை ‘பாகிஸ்தானில் உள்ள நமது தூதரக அதிகாரி’ என்று குறிப்பிட்டார். செனட்டர் ஜான் கெர்ரி லாகூருக்கே போனார். காரணம் பாசம் அல்ல, சட்டம். 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி தூதரகத்தின் நிர்வாக, தொழில்நுட்ப ஊழியருக்குக் குற்ற வழக்குகளிலிருந்து முழுமையான விலக்குரிமை உண்டு. கொலை வழக்கில்கூடக் கைது செய்ய முடியாது. 1963-ஆம் ஆண்டின் இன்னொரு உடன்படிக்கைப்படி துணைத் தூதரக ஊழியருக்கு அந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு; கடுமையான குற்றம் என்றால் கைது செய்யலாம். அவர் லாகூர் துணைத் தூதரகத்தைச் சேர்ந்தவர் என்று முதலில் சொன்ன அமெரிக்கத் தரப்பு, பிறகு இஸ்லாமாபாத் தூதரகத்தைச் சேர்ந்தவர் என்று மாற்றிச் சொன்னதன் ரகசியம் இதுதான். கழுத்தில் தொங்கிய எந்த அட்டை செல்லும் என்பதில் ஓர் உயிர் ஊசலாடியது.

ஆக, பிடிபட்டவனைத் தெரியாது என்று சொன்னால் ஆள் போய்விடுவான். தெரியும் என்று சொன்னால் ரகசியம் போய்விடும். இந்த இடுக்கில் அரசு படும் பாடுதான் உண்மையான த்ரில்லர். அவர் சி.ஐ.ஏ.வின் ஒப்பந்தக்காரர், முன்பு பிளாக்வாட்டர் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் இருந்தவர் என்பது அமெரிக்கப் பத்திரிகைகள் சிலவற்றுக்கு முன்பே தெரியும். அரசு கேட்டுக்கொண்டதால் வெளியிடாமல் இருந்தன. பிப்ரவரி 20-ஆம் தேதி பிரிட்டனின் கார்டியன் போட்டுடைத்தது. லஷ்கர்-ஏ-தொய்பாவைக் கண்காணிக்கும் குழு ஒன்றுக்குப் பாதுகாப்பு அளிப்பவராக அவர் இருந்தார் என்பதும் செய்தியானது. 2008-ல் மும்பையைத் தாக்கிய அமைப்பு அது என்பதால் இந்திய வாசகர்களுக்கு அந்தக் குழு அங்கே என்ன தேடியது என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்குள் சுடப்பட்டவர்களில் ஒருவரின் மனைவி, நீதி கிடைக்காது என்று சொல்லி விஷம் அருந்தி இறந்துபோனார். கடைசியில் மார்ச் 16 அன்று கோட் லக்பத் சிறைக்குள்ளேயே கூடிய நீதிமன்றத்தில், இறந்தவர்களின் உறவினர்கள் சுமார் 23 லட்சம் டாலர் ரத்தப் பணம் பெற்றுக்கொண்டு மன்னித்ததாகப் பதிவாகி, டேவிஸ் விடுதலையானார். வியன்னா உடன்படிக்கை காப்பாற்றாத ஆளை ஷரியா சட்டத்தின் ஒரு பிரிவு காப்பாற்றியது. அமெரிக்கா எந்த இழப்பீடும் தரவில்லை என்று ஹிலாரி கிளிண்டன் அன்றே அறிவித்தார். அப்படியானால் பணம் யாருடையது என்பது ஒரு நல்ல அத்தியாயத்துக்கான கரு.

கொலைப்படை பற்றிய உங்கள் அத்தியாயத்துக்கு வருகிறேன். அதற்கும் முன்னோடி உண்டு. அல் கொய்தா தலைவர்களைத் தேடிக் கொல்லும் ரகசியத் திட்டம் ஒன்றில் 2004-ல் பிளாக்வாட்டர் நிறுவனத்தை சி.ஐ.ஏ. சேர்த்துக்கொண்டது என்பதை 2009 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. நிறுவனத்தோடு முறையான ஒப்பந்தம்கூட இல்லை. அதன் நிறுவனர் எரிக் பிரின்ஸ் உட்பட மேல்மட்டத்தாரோடு தனித்தனி உடன்பாடுகள். பயிற்சிக்கும் திட்டமிடலுக்கும் கோடிக்கணக்கில் செலவானது. ஒருவர்கூடக் கொல்லப்படவில்லை, பிடிபடவும் இல்லை. 2009 ஜூனில் இயக்குநர் லியோன் பனெட்டா விஷயம் தெரிந்ததும் திட்டத்தை மூடிவிட்டு நாடாளுமன்றக் குழுக்களிடம் போய்ச் சொன்னார். எழுத்தாளருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அதே நிறுவனத்தின் ஆட்கள் ட்ரோன் தளத்தில் ஏவுகணைகளைப் பொருத்தும் வேலையைச் செய்தார்கள் என்பதும் அப்போதே வெளிவந்தது. யாரைக் கொல்வது என்று முடிவு செய்வது அரசு, பொத்தானை அழுத்துவது அரசு, குண்டை மாட்டுவது காண்ட்ராக்டர். நிஜத்தில் வேலை இப்படித்தான் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘நாங்கள் செய்தால்தான் சட்ட விரோதம், தனியார் செய்தால் இல்லை’ என்று உங்கள் கதையில் ஓர் அதிகாரி பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நீக்கிவிடுங்கள். 1981-ல் ரீகன் கையெழுத்திட்ட 12333 எண்ணுள்ள நிர்வாக ஆணை, அரசின் ஊழியரோ அரசின் சார்பில் செயல்படும் எவருமோ படுகொலையில் ஈடுபடக் கூடாது என்கிறது. ‘சார்பில் செயல்படும்’ என்ற சொற்களுக்குள் காண்ட்ராக்டர் நாற்பது வருடத்துக்கும் மேலாக உட்கார்ந்திருக்கிறார். போர்க்களத்தில் எதிரியைக் கொல்வது படுகொலை ஆகாது என்று வாதிட்டுத்தான் பிற்காலத் தாக்குதல்களை நியாயப்படுத்தினார்களே தவிர, கூலிக்கு ஆள் வைத்தால் ஆணை பொருந்தாது என்று அல்ல.

ஆனால் சட்டம் இருப்பதும் அது பாய்வதும் வேறுவேறு. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2003 ஜூனில் ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில், ராக்கெட் தாக்குதல் சந்தேகத்தில் தேடப்பட்ட அப்துல் வாலி என்பவர் தானாகவே அமெரிக்கத் தளத்துக்கு வந்து ஆஜரானார். சி.ஐ.ஏ.வின் தனி ஒப்பந்தக்காரரான டேவிட் பசாரோ டார்ச் விளக்கால் அடித்தும் உதைத்தும் அவரை இரண்டு நாள் விசாரித்தார். வாலி காவலிலேயே இறந்தார். 2006-ல் வட கரோலினாவில் ஜூரிகள் பசாரோவைத் தாக்குதல் குற்றவாளி என்றார்கள். 8 ஆண்டு 4 மாதச் சிறை விதிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டது. அதே காலத்தில் இரண்டு உளவியலாளர்கள் ரகசியச் சிறைகளுக்கான கொடூர விசாரணை முறைகளை வகுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனத்துக்கு, 2014 டிசம்பரில் வெளியான செனட் குழு அறிக்கையின்படி, 8.1 கோடி டாலர் வழங்கப்பட்டது. கைதிகளை விசாரித்தவர்களும் அவர்களே, கைதியின் மனநிலை தாங்குமா என்று சான்றளித்தவர்களும் அவர்களே. வழக்கு வந்தால் செலவை ஏற்றுக்கொள்வதாக 2007-ல் சி.ஐ.ஏ. எழுதிக் கொடுத்தது, பத்து லட்சம் டாலருக்கு மேல் செலுத்தவும் செய்தது. 2017-ல் பாதிக்கப்பட்டோர் தொடுத்த சிவில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. குற்றவியல் வழக்கு எதுவும் இல்லை. டார்ச் விளக்கோடு தனியாக நின்றவர் உள்ளே போனார், உத்தரவாதக் கடிதம் வாங்கி வைத்திருந்தவர்கள் வெளியே இருந்தார்கள். உங்கள் நாவலில் கெட்டிக்காரக் காண்ட்ராக்டர் ஒருவர் வருவார் என்றால், அவர் முதலில் கேட்பது துப்பாக்கியை அல்ல, அந்தக் கடிதத்தைத்தான்.

ரகசியம் எப்படி வெளியே வருகிறது என்ற இடத்தில் நீங்கள் எதிரி உளவாளி ஒருவரை வைத்திருக்கிறீர்கள். தவறில்லை. ஆனால் நிஜத்தில் பல நேரம் வெளியே கொண்டுவருவது பில் பாக்கி. சந்தேக நபர்களைப் பிடித்து மூன்றாம் நாட்டுக்குக் கொண்டுபோகும் ரகசியப் பயணங்களுக்கு சி.ஐ.ஏ. தனியார் விமானங்களை அமர்த்தியது. ஒரு பெரிய ஒப்பந்த நிறுவனம், அதன் கீழ் ஒரு தரகர் நிறுவனம், அதன் கீழ் ரிச்மர் ஏவியேஷன் என்ற சிறிய விமான நிறுவனம். விமானமோ பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் பங்குதாரர் ஒருவருடையது; அணிக்கு வேண்டாத நாட்களில் வாடகைக்குப் போனது. தரகர் பணம் பாக்கி வைத்தார் என்று ரிச்மர் நியூயார்க் மாநிலத்தின் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பயணப் பட்டியல், எரிபொருள் ரசீது, தொலைபேசி பில், சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் சான்றாவணங்களாகத் தாக்கல் ஆயின. 2003-ல் மிலன் நகரத் தெருவில் கடத்தப்பட்ட எகிப்திய இமாம் அபு உமர் கெய்ரோவுக்குக் கொண்டுபோகப்பட்ட பயணமும் அந்தக் கட்டுகளுக்குள் இருந்தது. யாரை ஏற்றிச் சென்றீர்கள் என்ற கேள்விக்கு விமான நிறுவனத்தின் தலைவர் சொன்ன பதில்: அரசு ஊழியர்களையும் அவர்களுடைய அழைப்பாளர்களையும். கைவிலங்கோடு போனவருக்கு ‘அழைப்பாளர்’ என்று பெயர். யாரும் முத்திரை வைத்து மூடாத அந்தக் கோப்புகள் 2011-ல் மனித உரிமை அமைப்பொன்றின் கண்ணில் பட்டு உலகச் செய்தியாயின.

தமிழ் வாசகருக்கு இந்தத் தொழில் முற்றிலும் அந்நியமானதும் அல்ல. எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையிலிருந்து விலகியவர்கள் 1970-களில் பிரிட்டனில் தொடங்கிய கீனி மீனி சர்வீசஸ் நிறுவனம், 1984 முதல் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி அளித்தது. அதன் ஆட்கள் ஹெலிகாப்டர்களையும் ஓட்டினார்கள். கிழக்கில் அந்தப் படை செய்தவை பற்றிக் கேள்விகள் எழுந்தபோது, இது ஒரு தனியார் நிறுவனத்தின் வணிக விவகாரம் என்ற நிலையில் நின்றுகொள்ள லண்டனுக்கு வசதியாக இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அரசு ஆவணங்கள் திறக்கப்பட்ட பிறகுதான் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்துக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது; 2020-ல் லண்டன் பெருநகரப் போலீஸ் போர்க்குற்ற விசாரணை தொடங்கியது. நீங்கள் தேடும் ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ இங்கேதான் நன்றாக வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். பிடிபட்ட தன் ஆளைப் பற்றிச் சொல்லாமல், பாதிக்கப்பட்ட மற்றவர்களைப் பற்றிச் சொன்னதால் அது செல்லுபடியானது.

கடைசியாக, கைவிடப்படும் மனிதன். அவனை நீங்கள் விட்டுவிட வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். 2009 டிசம்பர் 30 அன்று ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் நகரத்தில் இருந்த சி.ஐ.ஏ. தளத்துக்குள், அல் கொய்தாவுக்குள் ஊடுருவியவர் என்று நம்பப்பட்ட ஜோர்டான் மருத்துவர் ஒருவர் சோதனை ஏதுமின்றிக் காரில் அழைத்து வரப்பட்டுக் குண்டை வெடித்தார். இறந்த ஏழு சி.ஐ.ஏ. பணியாளர்களில் இருவர் பிளாக்வாட்டர் காவலர்கள். லாங்லியின் நினைவுச் சுவரில் அவர்களுக்கும் நட்சத்திரம் உண்டு. காரை ஓட்டி வந்த ஆப்கானியரும் இறந்தார். அவருக்குச் சுவரில் இடமில்லை.

அபோட்டாபாத்தில் பின்லேடன் இருப்பதை உறுதிப்படுத்த, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் வீடு வீடாக ஆட்களை அனுப்பிய டாக்டர் ஷகீல் அஃப்ரிதியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்லேடன் கொல்லப்பட்ட 2011 மே மாதமே பாகிஸ்தான் உளவுத் துறை அவரைப் பிடித்தது. 2012-ல் பழங்குடிப் பகுதி நீதிமன்றம், தீவிரவாதக் குழு ஒன்றோடு தொடர்பு என்ற வேறொரு குற்றச்சாட்டில், 33 ஆண்டுச் சிறை விதித்தது. பின்னர் அது 23 ஆகக் குறைக்கப்பட்டது. அவருடைய வழக்கறிஞர்களில் ஒருவர் 2015-ல் பெஷாவரில் சுட்டுக் கொல்லப்பட்டார். டேவிஸை மீட்க ஏழு வாரம் போதுமானதாக இருந்தது. தடுப்பூசி முகாமை இனி உளவுக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014-ல் பொதுச் சுகாதாரக் கல்வி நிறுவனங்களின் தலைவர்களுக்கு எழுதிய கடிதம் வெளியானபோது, அஃப்ரிதி மூன்றாவது ஆண்டாகச் சிறையில் இருந்தார். உங்கள் கதையில் முன்னாள் கமாண்டோவுக்கு வழி காட்டும் உள்ளூர் மருத்துவர் ஒருவர் இரண்டாம் அத்தியாயத்தில் வந்து, ஐந்தாம் அத்தியாயத்தில் காரணம் இல்லாமல் மறைந்துபோகிறார். கதையை அவர் பக்கத்திலிருந்து ஒருமுறை எழுதிப் பாருங்கள்.